குழந்தையின் இடுப்புக்கு எந்த பிளேட், எந்த ஸ்குரூ? பெற்றோருக்கான ஓர் ஒப்பீடு

பிள்ளைக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று முடிவானதும் பெற்றோர் கையில் ஓர் எஸ்டிமேட் தாள் வந்துவிடும். சாதா பிளேட் என்றால் இவ்வளவு, லாக்கிங் பிளேட் என்றால் இவ்வளவு, வெளிநாட்டு டைட்டானியம் என்றால் இவ்வளவு என்று மூன்று வரிகள். "எது வேணும்னு நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்பார் கவுண்ட்டரில் இருப்பவர். அன்று ராத்திரி சித்தப்பாவில் தொடங்கி, தெரிந்த மெடிக்கல் ரெப் வரை எல்லாருக்கும் போன் போகும். விடியும்போது பெரும்பாலும் ஒரே முடிவுதான்: விலை கூடினது எதுவோ அதுதான் நல்லது, கடன் வாங்கியாவது போட்டுவிடலாம்.

குழந்தைகள் எலும்பு சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி "ஸ்டீலா, டைட்டானியமா?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. ஆபரேஷனுக்குப் பிறகு மாவுக்கட்டு உண்டா, போட்ட பிளேட்டை ஒரு நாள் எடுக்க வேண்டுமா, எடுப்பது எவ்வளவு சிரமம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த பிளேட் என்பது பாதி முடிவான மாதிரி.

## அந்த உலோகத்துக்கு என்ன வேலை

தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருக்கும். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் உட்கார்ந்து சுழல்கிறது. உருண்டைக்குக் கீழே கழுத்து, அதற்கும் கீழே தண்டு. பிறந்த குழந்தைக்குக் கழுத்துக்கும் தண்டுக்கும் நடுவே கோணம் ஏறக்குறைய 150 டிகிரி. பெரியவர்களுக்கு அது 125 முதல் 130 வரை. கழுத்து முன்பக்கமாகத் திரும்பியிருக்கும் அளவும் பிறக்கும்போது 40 டிகிரி அளவில் இருந்து, வளர்ந்த பிறகு 15 டிகிரி அளவுக்கு வந்துவிடும். நிற்பதாலும் நடப்பதாலும் தசைகள் இழுப்பதாலும்தான் எலும்பு இப்படி மாறுகிறது. பெருமூளை வாதத்தால் (செரிபிரல் பால்சி) நடக்க முடியாத பிள்ளைக்கு இந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. அதனால் உருண்டை கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணத்தை விட்டு வெளியே நகர்கிறது.

பிளேட் போடும் ஆபரேஷன்களில் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். தண்டின் மேற்பகுதியில் எலும்பை வெட்டி, உள்பக்கம் சாய்த்து, வேண்டிய அளவு திருப்பி, சில சமயம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைத்து, உருண்டை கிண்ணத்துக்குள் நன்றாக உட்காரும்படி மறுபடி சேர்ப்பார்கள். வெட்டிய இடம் கூடுவதற்கு 6 முதல் 12 வாரம் பிடிக்கும். அதுவரை கோணம் மாறாமல் பிடித்துக்கொள்வதுதான் பிளேட்டின் வேலை. கூடிய பிறகு அதற்கு உள்ளே வேலையில்லை.

இந்த ஆபரேஷன் மூன்று வகைப் பிள்ளைகளுக்கு அதிகம் நடக்கிறது. பிறவியிலேயே இடுப்பு விலகியிருந்து, நடக்கத் தொடங்கிய பிறகு கண்டுபிடிக்கப்பட்ட சின்னக் குழந்தைகள். பெருமூளை வாதம் உள்ளவர்கள். மூன்றாவது, உருண்டைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது மெத்தென்று ஆகிப்போகும் பெர்தெஸ் நோய் வந்தவர்கள். இந்தியாவின் தென்மேற்குக் கரையோரத்தில், உடுப்பி மாதிரியான பகுதிகளில், பெர்தெஸ் அதிகம். மணிப்பாலில் டாக்டர் பெஞ்சமின் ஜோசப் குழுவினர் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து, நோயின் கட்டங்களைப் பிரித்துக் காட்டினார்கள். உருண்டை நசுங்கிச் சிதைவதற்கு முந்தைய ஆரம்பக் கட்டங்களிலேயே சாய்த்து வைத்தால்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பது அதிலிருந்து வந்த பாடம். எந்த பிளேட் என்று ஆறு மாதம் யோசிப்பதைவிட, இருக்கிற பிளேட்டை வைத்து நேரத்தில் செய்துகொள்வது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த மூன்றுக்கும் வெளியே இரண்டு உண்டு. பத்து வயதுக்கு மேல் உருண்டை நழுவுவது ஒன்று, கழுத்து முறிவு இன்னொன்று. அங்கே பெரும்பாலும் ஸ்குரூதான், அதைப் பிறகு பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது

பிடிமானம் முதலில். பிள்ளையின் எலும்பு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இது மாறும். ஓடியாடும் எட்டு வயதுப் பையனின் எலும்பில் எந்த ஸ்குரூவும் நன்றாகப் பிடிக்கும். வருடக்கணக்கில் சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் எலும்பு பலவீனமாக இருக்கும். அதில் சாதா ஸ்குரூ கழன்று வரப் பார்க்கும்.

அடுத்தது மாவுக்கட்டு. நெஞ்சுக்குக் கீழிருந்து பாதம் வரை போடும் இடுப்பு மாவுக்கட்டு பெரும்பாலும் 6 வாரம் இருக்கும். இதைப் பார்த்திராதவர்கள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். ஆட்டோவில் உட்கார வைக்க முடியாது, கால் விரிந்திருப்பதால் சில வீட்டு வாசல்களில் நேராக நுழையக்கூட முடியாது. ஒன்றுக்கு இரண்டுக்கு எல்லாம் கட்டில் விட்டிருக்கும் இடைவெளி வழியாகத்தான். அதன் ஓரத்தில் பிளாஸ்டிக் ஒட்டி, டயப்பரை உள்ளே சொருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பிடும்போது சிந்தும் பிஸ்கட் தூள் உள்ளே போனால் எறும்பு வரும். அரிக்கிறது என்று பிள்ளை அழ, பாட்டி ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துவிட, உள்ளே புண்ணாகி வந்த கதைகள் எங்கள் வார்டில் உண்டு. சித்திரை மாதம் என்றால் வேர்வை நாற்றம் வேறு. வீட்டில் ஒருவர் வேலைக்கு லீவு போட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது, சர்ஜனுக்குப் பழக்கமான கருவி எது என்பது. இது எஸ்டிமேட்டில் வராது. ஆனால் பிடிமானத்தையும் கோணத்தையும் இதைவிட அதிகமாகத் தீர்மானிப்பது வேறெதுவும் இல்லை.

அப்புறம், எடுப்பது. பெரியவர்களுக்கு வைத்த பிளேட் உள்ளேயே இருந்துவிட்டுப் போகலாம். வளரும் எலும்பு அப்படி விடாது. அது பிளேட்டின் மேலேயே ஏறி வளர்ந்து மூடிவிடும். கடைசியாக விலை, அதோடு ஆபரேஷனுக்குப் பிந்தைய செலவுகள்.

## சாதா பிளேட்

பல துளைகள் உள்ள, பக்கவாட்டில் எலும்பின் மேல் படுக்க வைத்து ஸ்குரூவால் இறுக்கும் நேரான பிளேட். தேவைப்பட்டால் அங்கேயே கருவியால் வளைத்துக்கொள்வார்கள். விலை மிகக் குறைவு, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும், எடுப்பதும் சுலபம்.

இதன் குறை, மேல்பக்கத் துண்டில் பிடிமானம் போதாது என்பது. எலும்போடு பிளேட் அழுந்தி உட்காரும் உராய்வில்தான் எல்லாம் நிற்கிறது. எனவே மாவுக்கட்டு கட்டாயம்.

ஆனால் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்கு விலகிய இடுப்பைத் திறந்து கிண்ணத்துக்குள் வைக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே மூட்டு உறை தளர்ந்திருப்பதால், பிளேட் எதுவாக இருந்தாலும் மாவுக்கட்டு போட்டுத்தான் ஆக வேண்டும். தொடை எலும்பைக் கொஞ்சம் குறைத்துத் திருப்புவது மட்டும்தான் பிளேட்டின் பங்கு. மாவுக்கட்டைத் தவிர்ப்பதற்காகத்தான் விலை உயர்ந்த பிளேட் என்றால், மாவுக்கட்டு எப்படியும் உண்டு என்ற இடத்தில் அந்தப் பணம் வீண். இந்த வயதில் சாதா பிளேட் போடுவதை ஏழைக்கான சமரசம் என்று நினைக்க வேண்டாம். பல சமயம் அதுவே போதுமானது.

## பிளேடு பிளேட்

'ட' எழுத்தைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற ஒரே துண்டு உலோகம். மேலே மடங்கியிருக்கும் தட்டையான அலகு எலும்பின் கழுத்துக்குள் போகும். நீண்ட பகுதி தண்டின் மேல் ஸ்குரூவால் பொருத்தப்படும். 1958-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏஓ என்ற சர்ஜன்கள் குழுவால் உலகம் முழுக்கப் பரவியது. கைக்குழந்தை, சிறுவர், வளரிளம் பருவத்தினர் என்று அளவுகளும், 90, 100 டிகிரி என்று நிலையான கோணங்களும் உண்டு.

இதில் மூட்டு, இணைப்பு என்று எதுவும் இல்லாததால் கோணம் தானாக மாற வழியில்லை. அலகு அகலமாக இருப்பதால் பலவீனமான எலும்பிலும் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். நம் நாட்டுத் தயாரிப்பு ஸ்டீலில் கிடைக்கிறது, விலையும் கைக்கு எட்டும். எடுக்கும்போது நாலைந்து ஸ்குரூவைக் கழற்றிவிட்டு, பின்னால் ஒரு கருவியை மாட்டித் தட்டினால் அலகு வெளியே வந்துவிடும். இதைக் கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

சிரமம் எல்லாம் போடும்போதுதான். உளி ஒன்றைக் கழுத்துக்குள் அடித்து முதலில் பாதை உண்டாக்க வேண்டும். அந்த உளி எந்தச் சாய்வில் போகிறதோ அதுதான் கடைசியில் வரப்போகும் கோணம். தவறிப்போய், வெளியே எடுத்து வேறு சாய்வில் மறுபடி அடித்தால் சின்ன எலும்பில் பிடிமானம் போய்விடும். வழிகாட்டிக் கம்பியின் மேல் ஓட்டி விடும்படி நடுவே துளையிட்ட பிளேடு பிளேட்டுகள் வந்த பிறகு இது கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. என்றாலும் பழகிய கை வேண்டும். வருடத்துக்கு நாற்பது ஐம்பது போடுகிற மூத்த சர்ஜன் கையில் இது அரை மணி நேர வேலை. பழக்கமில்லாதவர் கையில் கொஞ்சம் பயப்பட வேண்டிய விஷயம்தான்.

மாவுக்கட்டு விஷயத்தில் சர்ஜனுக்கு சர்ஜன் பழக்கம் மாறும். சொன்னதைக் கேட்டு ஊன்றுகோலில் நடக்கும் பிள்ளைக்கு வேண்டாம் என்று விடுபவர்களும் இருக்கிறார்கள், பாதுகாப்புக்குப் போட்டே அனுப்புபவர்களும் இருக்கிறார்கள்.

## லாக்கிங் ஹிப் பிளேட்

2000-களில் பரவத் தொடங்கியது. ஸ்குரூவின் தலையிலும் பிளேட்டின் துளையிலும் மரை இருக்கும். ஸ்குரூ எலும்புக்குள் இறங்கி, கடைசிச் சுற்றில் பிளேட்டோடும் பூட்டிக்கொள்ளும். பிளேட்டும் ஸ்குரூக்களும் சேர்ந்து ஒரே சட்டமாகிவிடுவதால் எலும்பின் மேல் அழுந்தி நிற்க வேண்டிய அவசியம் இல்லை. பலவீனமான எலும்பில் இதுதான் பெரிய லாபம்.

சர்ஜனுக்கு இன்னொரு வசதி உண்டு. கழுத்துக்குள் முதலில் மெல்லிய கம்பிகளைத்தான் விடுவார். எக்ஸ்ரே திரையில் பார்த்து, சாய்வு பிடிக்கவில்லை என்றால் கம்பியை எடுத்து மறுபடி விடலாம், எலும்பு கெட்டுப்போகாது. சரி என்று திருப்தியான பிறகுதான் வெட்டுவதும் ஸ்குரூ போடுவதும். கோணங்களிலும் 100, 110, 120 என்று தேர்ந்தெடுக்க முடியும். இளைய சர்ஜன்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் உண்டு.

மாவுக்கட்டு இல்லாமல் அனுப்பும் தைரியத்தை இந்த பிளேட் தருகிறது. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு அது சாதாரண சௌகரியம் இல்லை. 6 வாரம் மாவுக்கட்டில் அசையாமல் கிடந்தால் எலும்பு இன்னும் மெலிந்துவிடும். கட்டைப் பிரித்த பிறகு பிசியோதெரபியில் காலை லேசாக மடக்கும்போது முழங்கால் பக்கத்தில் முறிவு ஏற்படுவது எங்களுக்கெல்லாம் தெரிந்த ஆபத்து. தோல் புண் வேறு.

இனி மறுபக்கம். விலை பிளேடு பிளேட்டைவிடப் பல மடங்கு, இறக்குமதி என்றால் இன்னும் மேலே. பிளேட் தடிமனாக இருப்பதால் மெலிந்த பிள்ளைக்கு இடுப்பின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும். எடுக்கும்போதுதான் இதன் உண்மையான குணம் தெரியும். பூட்டிய ஸ்குரூ தலை பிளேட்டோடு ஒட்டிப்போய் அசைய மறுக்கும். அளவுக்கு மேல் முறுக்காமல் இருக்கத்தான் தனி ஸ்குரூடிரைவர் கொடுக்கிறார்கள். 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 1.5 நியூட்டன் மீட்டர், 5 மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் மீட்டர் என்று அது தானாக நின்றுவிடும். மிஷினால் கடைசி வரை முறுக்கி விட்டிருந்தால், எடுக்க வரும் சர்ஜன் முன்னவரைத் திட்டிக்கொண்டே ஸ்குரூ தலையைத் துளைத்து உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

எலும்பு கூடுவதைப் பொறுத்தவரை, பிளேடு பிளேட்டையும் லாக்கிங் பிளேட்டையும் ஒப்பிட்ட மருத்துவர்கள் பெரிய வித்தியாசம் கண்டதில்லை. நல்ல கையில் இரண்டுமே கூடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளை இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பதைப் பார்த்து, "விலை கம்மியான பிளேட் போட்டதால்தான் இப்படி" என்று பெற்றோர் நொந்துகொள்வதை அடிக்கடி கேட்கிறேன். பிளேட் பாவம். எலும்பை உள்பக்கம் சாய்த்தால் இடுப்புத் தசை கொஞ்ச காலத்துக்கு வலுவிழக்கும், கால் சற்றுக் குட்டையாகும். எந்த பிளேட் போட்டாலும் அந்த நடை வரும். சின்ன வயதில் அது வளர வளர நேராகும், பெரிய பிள்ளைகளுக்கு முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.

## ஸ்குரூ மட்டும் போதும் என்ற இடங்கள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயது, கொஞ்சம் பருமனான பையன். முழங்கால் வலி என்று வருவான். முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது. களிம்பு தடவி, நீக்கேப் போட்டு மாதங்கள் ஓடும். கோளாறு இடுப்பில். எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சிக் குருத்தெலும்பில் உருண்டை நழுவிக்கொண்டிருக்கும், வலி மட்டும் முழங்காலில் தெரியும். நொண்டிக்கொண்டாவது நடக்கும்போதே வந்துவிட்டால் நல்லது. 1993-ல் வெளியான, லோடர் என்ற எலும்பு சர்ஜனின் ஆய்வில், ஊன்றுகோல் வைத்தும் நடக்க முடியாத நிலையில் வந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு உருண்டையின் ரத்த ஓட்டம் கெட்டுப்போனது. நடந்து வந்தவர்களில் ஒருவருக்கும் கெடவில்லை.

இதற்கு நடுவே துளையுள்ள ஒரே ஒரு தடித்த ஸ்குரூ, பெரும்பாலும் 6.5 அல்லது 7 மில்லிமீட்டர். உருண்டையின் நடுவில் போய் உட்கார வேண்டும், மரையில் ஐந்து சுற்றாவது குருத்தைத் தாண்டியிருக்க வேண்டும். சின்னக் கீறல், மாவுக்கட்டு கிடையாது. இதைப் பிறகு எடுப்பதும் வழக்கமில்லை. இந்த ஸ்குரூ அந்த இடத்தில் வளர்ச்சியை நிறுத்திவிடும். வளர்ச்சி இன்னும் நிறைய பாக்கி உள்ள சின்னப் பிள்ளை என்றால், குருத்து வளரும்போது கூடவே நீளும் ஸ்குரூக்களும், மரையில்லாத வழவழப்பான கம்பிகளும் இருக்கின்றன. மற்ற இடுப்பையும் முன்கூட்டியே ஸ்குரூ போட்டுக் காப்பதா என்பது தனி விவாதம். தைராய்டு மாதிரி ஹார்மோன் குறை உள்ள பிள்ளை என்றால் நான் போடுங்கள் என்பேன்.

பெருமூளை வாதத்திலும் ஸ்குரூ மட்டும் வைத்து ஒரு வழி வந்திருக்கிறது. கழுத்தின் உள்பக்கக் குருத்தில் ஒரு ஸ்குரூ விட்டால் அந்தப் பக்கம் வளர்ச்சி நிதானமாகி, கோணம் வருடங்களில் தானாகக் குறையும். தைவானில் இதை நிறையச் செய்து பார்த்திருக்கிறார்கள். எலும்பை வெட்ட வேண்டாம், இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் உருண்டை கொஞ்சம் நகர்ந்த நிலையிலேயே பிடித்தால்தான் பலன். பாதிக்கு மேல் வெளியே வந்துவிட்ட இடுப்புக்கு இது போதாது. வளர வளரக் குருத்து ஸ்குரூவைத் தாண்டிப் போய்விடும், அப்போது ஸ்குரூவை மாற்ற வேண்டியும் வரும். 1994-ல் தென் ஸ்வீடனில் தொடங்கியது போல, பெருமூளை வாதப் பிள்ளைகளுக்கு வலி வரும்வரை காத்திராமல் ஒழுங்காக இடுப்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து வந்தால்தான் இந்தச் சின்ன ஆபரேஷனுக்கு வாய்ப்பே கிடைக்கும்.

மாடியிலிருந்து விழுந்தோ வண்டியில் அடிபட்டோ கழுத்து முறிந்திருந்தால் இந்த ஒப்பீடு எல்லாம் வேண்டாம். அது அவசரம். எது கையில் இருக்கிறதோ, எந்த சர்ஜன் இருக்கிறாரோ, அதை அவர் உடனே போடட்டும்.

| | சாதா பிளேட் | பிளேடு பிளேட் | லாக்கிங் ஹிப் பிளேட் | ஒற்றை ஸ்குரூ |
|---|---|---|---|---|
| முக்கியமாக யாருக்கு | நடக்கத் தொடங்கிய குழந்தை, இடுப்பு விலகல் | பெர்தெஸ், இடுப்பு விலகல், பெருமூளை வாதம் | பெருமூளை வாதம், பெரிய பிள்ளைகள் | உருண்டை நழுவல், ஆரம்பநிலை பெருமூளை வாத இடுப்பு |
| பிடிமானம் | சுமார் | நன்று | மிக நன்று, மெலிந்த எலும்பிலும் | அந்த வேலைக்குப் போதும் |
| மாவுக்கட்டு | கட்டாயம் | சர்ஜனைப் பொறுத்து | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டாம் |
| போடுவது | எளிது | பழகிய கை வேண்டும் | திருத்திக்கொள்ள இடம் உண்டு | எக்ஸ்ரே திரையில் துல்லியம் வேண்டும் |
| எடுப்பது | சுலபம் | சுலபம் | ஸ்குரூ ஒட்டிக்கொள்ளலாம் | பெரும்பாலும் எடுப்பதில்லை |
| விலை | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | குறைவு |

## சரி, ஸ்டீலா டைட்டானியமா?

உடம்பில் வைக்கும் ஸ்டீல் சமையலறை ஸ்டீல் அல்ல. 316எல் என்ற வகை, அதில் 13 முதல் 15 சதவீதம் நிக்கல் உண்டு. துருப்பிடிக்காது, காந்தத்தில் ஒட்டாது. டைட்டானியம் கலவை எடை குறைவு, விறைப்பும் ஏறக்குறைய பாதிதான். எம்ஆர்ஐ எடுத்தால் டைட்டானியத்தைச் சுற்றிப் படம் அதிகம் கலங்காது. ஸ்டீலைச் சுற்றி நிறையக் கலங்கும். பெர்தெஸ் பிள்ளைக்கு உருண்டையைத் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐயில் பார்க்கப்போகிறார்கள் என்றால் இது முக்கியம். மூளைக்கு எடுக்கும் எம்ஆர்ஐ படத்தை இடுப்பில் உள்ள பிளேட் கெடுக்காது. எடுக்கும் இடத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும்.

டைட்டானியத்தின் இன்னொரு பெருமை, எலும்பு அதோடு நன்றாக ஒட்டி வளரும் என்பது. பல் கட்டும் இடத்தில் அது வரம். ஒன்றரை வருடத்தில் எடுக்க வேண்டிய பிளேட்டுக்கு அதுவே வில்லங்கம். எடுக்கத்தான் போகிறோம் என்று முன்பே தெரிந்த பிள்ளைக்கு நான் ஸ்டீல் பக்கம். ஒரு விதிவிலக்கு உண்டு. கவரிங் நகையோ ஜீன்ஸ் பட்டனோ பட்டால் தோல் தடித்து அரிக்கும் பிள்ளை என்றால் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், அங்கே டைட்டானியம் கேட்பதில் தப்பில்லை.

கரையும் ஸ்குரூ பற்றியும் கேட்கிறார்கள். கிண்ணத்தைச் சரிசெய்யும் ஆபரேஷனில் எலும்புத் துண்டைப் பிடிக்க அது உதவும். உடம்பு பாரத்தைத் தாங்கும் தொடை எலும்பு வெட்டுக்கு அதன் வலு காணாது.

## எடுப்பதா, விட்டுவிடுவதா

நடக்கும் பிள்ளைக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடத்துக்குள் எடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். வலி இருந்தால் மட்டும் எடுத்தால் போதும் என்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

எடுப்பதற்கு ஆதரவாக: பிளேட் முடியும் இடத்தில் எலும்புக்கு அழுத்தம் கூடி, விழுந்தால் அங்கே முறியலாம். வருடம் போகப் போக எலும்பு பிளேட்டை மூடிவிடும். இடுப்பு விலகலோ பெர்தெஸோ இருந்த பிள்ளைகளில் சிலருக்கு நடு வயதில் மூட்டு மாற்று ஆபரேஷன் தேவைப்படும். அப்போது எலும்புக்குள் புதைந்துபோன முப்பது வருடத்துப் பிளேட்டைத் தோண்டி எடுப்பது பெரிய தொல்லை. எதிராக: இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு கீறல், எடுத்த பிறகு வெற்றுத் துளைகள் நிரம்பும்வரை முறிவு ஆபத்து. ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஓட்டம், குதி, கபடி எதுவும் கூடாது. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பிள்ளைக்கு வலி இல்லாததால் பத்தாம் நாளே சைக்கிளில் ஏறிவிடும்.

பெர்தெஸ், இடுப்பு விலகல் பிள்ளைகளுக்கு எடுத்துவிடுங்கள் என்பது என் பக்கம். நடக்காத பெருமூளை வாதப் பிள்ளைக்கு, துருத்தி வலிக்காதவரை அவசரம் இல்லை.

## எஸ்டிமேட்டில் வராத செலவு

விலகலைத் திறந்து சரிசெய்யும் குழந்தைக்கு சாதா பிளேட்டும் மாவுக்கட்டும். பெர்தெஸ் பையனுக்கு, பழகிய சர்ஜன் கிடைத்தால் ஸ்டீல் பிளேடு பிளேட், அவர் லாக்கிங்தான் போட்டுப் பழகியவர் என்றால் அதுவே. பெருமூளை வாதப் பிள்ளைக்கு மட்டும், பணத்தை எங்கிருந்தாவது புரட்ட முடியும் என்றால் லாக்கிங் பிளேட்டுக்குச் செலவழியுங்கள் என்பேன். அங்கே மிச்சமாவது மாவுக்கட்டுக் காலமும், கட்டைப் பிரித்தபின் வரும் முறிவும். பிளேட் விலையைக் கணக்குப் போடும்போது ஒன்றரை மாதச் சம்பளம் போவதையும், பள்ளிப் படிப்பு விட்டுப்போவதையும், ஒவ்வொரு செக்கப்புக்கும் வேன் பிடிப்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கார்டு இருந்தால், இந்த ஆபரேஷனுக்கு எந்த பிளேட் வரை அதில் அடங்கும் என்று கேளுங்கள். பிளேட்டை எடுக்கும் இரண்டாவது ஆபரேஷனும் அதில் வருமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள். 2017-ல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது முழங்கால் மாற்று மூட்டுகளுக்கு. குழந்தைகளின் இடுப்பு பிளேட்டுக்கு அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. டப்பாவில் அச்சடித்த எம்ஆர்பி ஒன்று, ஆஸ்பத்திரி வாங்கும் விலை வேறொன்று. பேசிக் குறைக்க இடம் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆபரேஷன் நடந்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிளேட், ஸ்குரூ டப்பாவிலும் கம்பெனி பெயர், அளவு, லாட் நம்பர் உள்ள ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து, ஒரு பிரிண்ட்டும் போட்டு டிஸ்சார்ஜ் சம்மரியோடு வையுங்கள். ஸ்குரூ தலையில் அறுகோணப் பள்ளம் இருக்கலாம், நட்சத்திரப் பள்ளம் இருக்கலாம். அதிலும் அளவுகள் வேறு. ஒன்றரை வருடம் கழித்து வேறு ஊரில், வேறு சர்ஜன் எடுக்க நேர்ந்தால், எந்த ஸ்குரூடிரைவரை வரவழைக்க வேண்டும் என்று அந்தப் படத்தைப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். அது இல்லாமல் பிள்ளையை மயக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, செட் தேடி டீலருக்கு போன் போடுவது நடக்கிற விஷயம்தான்.